மஞ்சள் கேபிள்

இலஞ்சி விலக்குப் பக்கம் பஸ் நின்றுபோனது. சீசன் கூட்டம். குற்றாலத்துக்குப் போகிற வண்டியெல்லாம் ஒன்றை ஒன்று முட்டாத குறையாக நின்றன. ஜன்னலுக்கு வெளியே நான் படித்த பள்ளிக்கூடம். பழைய கட்டடத்து மாடியிலிருந்து புதுக் கட்டடத்து மாடிக்கு இரண்டு கேபிள்கள் போவதை அன்றைக்குத்தான் கவனித்தேன். ஒன்று கறுப்பு, அதன் கூடவே தொய்ந்து கிடந்த இன்னொன்று மஞ்சள். சாரல் காற்றில் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. மஞ்சள் எதற்கு என்று யோசித்தபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. கற்பனைப் பள்ளிக்கூடம் எதற்கு? இதையே வரைந்தால் என்ன?

எங்கள் கல்லூரியில் அந்த செமஸ்டருக்கான குரூப் புராஜெக்ட், ஒரு பள்ளிக்கூடத்துக்கு கம்ப்யூட்டர் நெட்வொர்க் வடிவமைத்து அதை சிமுலேட்டரில் ஓட்டிக் காட்டுவது. சிமுலேட்டர் என்றால் வேறொன்றுமில்லை. திரைக்குள் பொய்க் கம்ப்யூட்டர்களை அடுக்கி, பொய்க் கேபிள் இழுத்து, ஒன்றிலிருந்து அனுப்புவது இன்னொன்றுக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்க்கிற மென்பொருள். இணைப்பு சரியாக இருந்தால் கேபிள் முனையில் பச்சைப் புள்ளி விழும். இல்லையென்றால் சிவப்பு. எங்கள் குழுவில் மூன்று பேர். நான், என்னோடு அதே பள்ளியில் படித்த வடகரைக்காரி, பிறகு கடையத்திலிருந்து வருகிற ஒருத்தன். முதல் இரண்டு வாரமும் நாங்கள் செய்ததெல்லாம் சிவப்பைப் பச்சையாக்கியதுதான். பஸ்ஸில் கண்ணை மூடினாலும் எனக்குச் சிவப்புப் புள்ளி தெரிந்தது. எங்கே ஒரு முனை சும்மா கிடந்தாலும் பொறுக்காது. உடனே செருகிவிட வேண்டும்.

பள்ளிக்கூடத்து கம்ப்யூட்டர் டீச்சருக்கு போன் போட்டேன். பிளஸ் டூவில் எங்களுக்கு எடுத்தவர். இன்னும் தற்காலிக வேலைதான். வருஷா வருஷம் எச்.எம். எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த வருஷம் உண்டு. மற்ற நாளில் லேப் ஒழியாது, மாதாந்திர மின்தடை அன்றைக்கு வாருங்கள், அன்றைக்கு மெஷின் எல்லாம் தூங்கும், நிதானமாக எண்ணிக்கொள்ளலாம் என்றார். பேப்பரில் மின்தடை ஊர்ப் பட்டியல் வந்த மறுநாள் போனோம்.

கரண்ட் இல்லாத லேப் எனக்குப் பிடிக்கவில்லை. விசிறிச் சத்தமும் மெஷின்களின் இரைச்சலும் இல்லாமல், முப்பது கறுப்புத் திரைகளும் எங்களையே பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. வெளியே மலை மேல் மேகம் இறங்கி, பகலிலேயே செல்போன் டார்ச் அடிக்க வேண்டியிருந்தது. டீச்சர் மற்ற இருவரையும் புதுக் கட்டடத்து அலுவலக அறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போகும்போது வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"ஏட்டி, நீ இங்கன இருந்து வரை. ஒனக்குக் கை சும்மா இருக்காது, எதையும் நோண்டிராத."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

சுவரில் ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள் ஸ்விட்ச். லேப்பின் எல்லாக் கேபிளும் வந்து சேருகிற தட்டையான கருவி அது. பதினைந்து, பதினாறு என்று டார்ச் அடித்து எண்ணி வரைந்துகொண்டே வந்தேன். அலுவலகத்துக்குப் போகிற கறுப்பு ஓரத்தில் செருகியிருந்தது, அதன் பக்கத்தில் மஞ்சள் கேபிள் சும்மா தொங்கியது. மாடியில் நான் பார்த்த அதே மஞ்சள். அதன் முனையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. தூசி படாமல் இருக்க என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்திலேயே ஒரு துளை காலியாக இருந்தது. ரப்பர் பேண்டைக் கழற்றினேன். செருகினேன். 'டிக்' என்று உட்கார்ந்தது. படத்தில் மஞ்சளுக்கும் ஒரு கோடு போட்டேன். திருப்தியாகக்கூட இருந்தது. பிளாஸ்டிக் தாளையும் ரப்பர் பேண்டையும் ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லுகிற அளவுக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

நாலு நாள் கழித்து வடகரைக்காரி சேதி கொண்டுவந்தாள். அவள் தங்கை அங்கேதான் பிளஸ் ஒன் படிக்கிறாள். மின்தடை முடிந்து கரண்ட் வந்ததிலிருந்து லேப்பில் நெட்வொர்க்கே இல்லையாம். அலுவலகத்திலும் இல்லை. கரண்ட் திரும்ப வரும்போது அடித்த அடியில் கருவி புகைந்திருக்கும், டீச்சர் மெயினை அணைக்காமல் போனதுதான் காரணம் என்று எச்.எம். எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாராம். வெள்ளிக்கிழமை லேப்பில் ஆன்லைன் தேர்வு. அதற்குள் சரியாகவில்லை என்றால் டீச்சருக்கு அடுத்த வருஷம் எழுதித் தர மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

பாவமாக இருந்தது. நாம் போன அன்றைக்கா இப்படி ஆக வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அதை இப்போது எழுதவே கூசுகிறது.

எங்களுக்கு வேறு கவலை. சிமுலேட்டரில் எங்கள் பள்ளிக்கூடம் முழுக்கப் பச்சையாகிவிட்டது, ஒரே ஒரு புள்ளியைத் தவிர. மஞ்சள் கேபிளின் முனை மட்டும் சிவப்பும் இல்லாமல் பச்சையும் இல்லாமல், செருகியும் வழி திறக்காத ஆரஞ்சிலேயே நின்றது. அழித்துத் திரும்ப வரைந்தாலும் ஆரஞ்சுதான். புதன்கிழமை மத்தியானம் கல்லூரி லேப்பில் கடையத்துக்காரன் பொறுமை இழந்தான். ஏதோ வீடியோவில் பார்த்தானாம், ஸ்விட்சுக்குள் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது, அதுதான் அடைத்து வைக்கிறது, ஒரு வரி கட்டளையில் அதை அணைத்துவிடலாம் என்றான். அணைத்தான். ஆரஞ்சு பச்சையானது. வடகரைக்காரி கைதட்டினாள்.

ஒரு கம்ப்யூட்டரிலிருந்து ஒரே ஒரு தகவலை அனுப்பிப் பார்த்தோம். சிமுலேட்டரில் அது சின்ன உறையாகத் தெரியும். உறை லேப் ஸ்விட்சுக்கு வந்தது. அங்கிருந்து கறுப்பு வழியாக ஒன்று, மஞ்சள் வழியாக ஒன்று அலுவலகத்துக்குப் போனது. கறுப்பில் போனது மஞ்சளில் திரும்பி வந்தது. மஞ்சளில் போனது கறுப்பில் திரும்பி வந்தது. வந்தவை திரும்பவும் கிளம்பின. ஒவ்வொரு சுற்றுக்கும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒவ்வொரு நகல். திரை உறைகளால் நிரம்பியது. வேறு எதையும் அனுப்ப இடமில்லை. எல்லாப் புள்ளியும் பச்சையாகவே இருக்க, உள்ளே நெட்வொர்க் செத்துக் கிடந்தது.

"பள்ளிக்கூடத்து ஸ்விட்ச்சுல இந்தப் பாதுகாப்பு உண்டுமா?" என்று வடகரைக்காரி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

கிடையாது. அது சாதா ஸ்விட்ச். மாடலை நானே டார்ச் அடித்துப் பார்த்து எழுதியிருந்தேன்.

அந்த பிளாஸ்டிக் தாள் தூசிக்குச் சுற்றியதில்லை. கறுப்பு அறுந்தால் மாற்றுவதற்கென்று மஞ்சளை இழுத்து, அலுவலகப் பக்கம் மட்டும் செருகி வைத்து, இந்தப் பக்கம் யாரும் செருகிவிடக் கூடாதென்று டீச்சரே மூடி வைத்த முனை அது. கரண்ட் இல்லாததால் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் டாட்டா காட்டிவிட்டுப் போன பிறகு, கரண்ட் வந்த அந்த நொடியில் நடந்திருக்கிறது. ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து ரப்பர் பேண்டை மேஜை மேல் வைத்தேன். இருவரிடமும் சொன்னேன்.

பிறகு கடையத்துக்காரன் குரலைத் தாழ்த்தினான். "ஏ பிள்ள, பேசாம நாளைக்கிப் போயி கழட்டிட்டு வந்துரு. படத்துல ஒரு சந்தேகம்னு சொல்லு. நெட்டு வந்துரும். யாருக்குத் தெரியப் போவுது?"

"நெட்டு வரும்லே," என்றாள் வடகரைக்காரி. "டீச்சருக்குப் போன பேரு வருமா? மெயின அணைக்கலன்னுதான எல்லாரும் சொல்லுதாவ. அது அப்படியேல்லா நிக்கும்."

நான் வராண்டாவுக்குப் போய் டீச்சருக்கு போன் போட்டேன். மழை வலுத்திருந்தது. அருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள் என்று யாரோ படியில் சொல்லிக்கொண்டு போனார்கள். டீச்சர் எடுத்ததும், நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசத் தொடங்கிவிட்டார். மெக்கானிக் வந்து ஒவ்வொரு கம்ப்யூட்டராகக் கழற்றிப் பார்க்கிறாராம், எதிலும் புகைந்த அடையாளமே இல்லையாம். சுவர்ப் பெட்டியை யாரும் திறக்கவில்லை போலிருக்கிறது. பிறகு குரல் மாறியது.

"நான் மெயின ஆஃப் பண்ணுனேன்ட்டி. பண்ணுனேன்னுதான் நெனைக்கேன். எல்லாரும் சொல்லச் சொல்ல இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு."

தன் கையையே நம்ப முடியாமல் போய்விட்டது அவருக்கு. தப்புச் செய்த என் கை போனைப் பிடித்துக்கொண்டிருந்தது. நாளைக்குக் காலையில் வாரேன் டீச்சர் என்று மட்டும் சொன்னேன். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை.

இதை எழுதும்போது புதன் சாயங்காலம். வகுப்பில் எங்கள் புராஜெக்ட் என்ன ஆகும் என்று தெரியாது. நிஜப் பள்ளிக்கூடத்தில் கைவைத்தார்கள் என்று தெரிந்தால் எங்கள் சார் மூன்று பேருக்கும் சேர்த்துச் சுழியம் போடக்கூடும். கடையத்துக்காரன் அதைச் சொல்லிவிட்டு, சிமுலேட்டர் இருந்த தன் லேப்டாப்பை சார்ஜ் போட்டு என் பையில் வைத்தான்.

நாளைக்கு முதல் பஸ். மணி அடிப்பதற்கு முன்னாலேயே எச்.எம். அறைக்குப் போக வேண்டும். முதலில் திரையில் உறைகளைக் காட்டுவேன். பிறகு அவரையும் டீச்சரையும் லேப்புக்குக் கூட்டிப்போய்ப் பெட்டியைத் திறந்து மஞ்சளை உருவுவேன். நெட்வொர்க் வந்தால் அத்தோடு விட மாட்டேன். அவர் பார்க்கப் பார்க்க நானே திரும்பச் செருகிச் சாகடித்து, திரும்ப உருவுவேன். டீச்சர் மேல் ஒரு துளி சந்தேகமும் ஒட்டக் கூடாது. ஒருவேளை உருவியும் வரவில்லை என்றால், நிஜமாகவே ஏதாவது புகைந்திருந்தால், அப்போதும் செருகியது நான்தான் என்று சொல்லியாக வேண்டும். அந்த இடத்தில் மட்டும் வாய் வருமா என்று தெரியவில்லை. பிளாஸ்டிக் தாளையும் ரப்பர் பேண்டையும் பர்ஸில் எடுத்து வைத்திருக்கிறேன். வாய் வராவிட்டால் முதலில் அதை மேஜை மேல் வைப்பேன்.