வைக்கோல் பாடை

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நடந்தது நடந்ததுதான்.

என் பெயர் ஒக்கியா. ரோமில், சுபூரா பக்கம் சாவு விழுந்தால் முதலில் என் வீட்டு மாடிப்படியைத்தான் ஏறுவார்கள். கூலிக்கு மாரடிப்பவள் என்று கேலி பேசுவார்கள். பேசட்டும். இருபத்திரண்டு வருஷமாகப் பிணங்களோடு பழகியவள் நான். இருட்டைக் கண்டு அஞ்சியதே கிடையாது. ஆனால் இது நடந்தது பட்டப்பகலில். தெரு நிறைய ஜனம் பார்க்க.

மெலித்தினே எங்கள் ஈமச் சங்கத்துப் பெண்; மாசாமாசம் காசு கட்டுவோம், செத்தால் சங்கமே காரியம் செய்யும். பத்தொன்பது வயது. துணி வியாபாரி லூரியஸ் வீட்டு அடிமை. எஜமானியின் கூந்தலுக்குச் சுருள் வைப்பவள். கொஞ்சம் வாய்த்துடுக்கு. ஒருநாள் காலையில் அந்த வீட்டிலிருந்து செய்தி வந்தது. காய்ச்சலில் செத்துவிட்டாளாம்.

நானும் சங்கத் தலைவர் வீபியஸும் பிணம் கேட்கப் போனோம். அவர் ரொட்டிக்கடைக்காரர். கையில் மாவோடு அப்படியே வந்துவிட்டார். லூரியஸ் எங்களை வாசற்படி ஏறக்கூட விடவில்லை.

"செத்தது என் அடிமை. புதைப்பேன், இல்லை நாய்க்குப் போடுவேன். உங்களுக்கென்ன?"

"முகத்தையாவது காட்டுங்க ஐயா," என்றார் வீபியஸ்.

"முடியாது. போங்க."

வாசலைப் பார்த்தேன். சாவு வீடென்றால் சைப்ரஸ் கிளை கட்டியிருக்க வேண்டும். காணோம். உள்ளே ஒரு அழுகைச் சத்தம் இல்லை. வாயிற்காவலன் ஹிலாரஸ் எனக்கு ரொம்ப நாள் பழக்கம். அவன் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

அப்போதே மனதில் ஏதோ இடித்தது.

எங்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு. எஜமான் பிணத்தைத் தர மறுத்தால், பிணம் இல்லாமலேயே சாவு எடுப்போம். பொம்மை செய்து பாடையில் வைத்து, எல்லாச் சடங்கும் முறையாகச் செய்வோம். யாரும் அநாதையாகப் போகக் கூடாது.

"நாளைக்கே எடுக்கிறோம் அண்ணே," என்றேன். "உச்சி வெயில்ல. அவன் வாசல் வழியாவே."

"அவன் செல்வாக்குள்ள ஆளு ஒக்கியா. என் கடைய மூட வெச்சிருவான்."

"மூடட்டுமே. தினம் நெருப்புல கை விடுற ஆளுக்கு இவன்கிட்ட என்ன பயம்?"

வீபியஸ் சிரித்துவிட்டார். "உன் வாய்க்கு அவனே பயப்படணும். சரி, எடுப்போம்."

மெலித்தினேயின் பழைய அங்கி ஒன்று என்னிடம் இருந்தது. அதில் வைக்கோலைத் திணித்தோம். தலைக்கு ஒரு துணி மூட்டை. அவ்வளவுதான். ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். இருந்தாலும் முறைப்படி நான்கு பேர் தோள் கொடுத்தார்கள். நால்வரும் சலவைப் பட்டறைக்காரர்கள். திடமான ஆட்கள்.

பகலின் ஆறாம் மணி. சூரியன் நேர் உச்சியில். லூரியஸ் வீட்டு வாசலில் பாடையை நிறுத்தினோம். குழல்காரன் ஊத ஆரம்பித்தான். நான் கூந்தலை அவிழ்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டேன். செத்தவரின் பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். வழக்கம்.

"மெலித்தினே!"

மாடியில் ஒரு ஜன்னல் டப்பென்று சாத்திக்கொண்டது.

"மெலித்தினே!"

குழல் நின்றுவிட்டது. நான் நிறுத்தச் சொல்லவில்லை. குழல்காரன் தன் காலடியையே வெறித்துக்கொண்டிருந்தான்.

டொக்... டொக்... டொக்...

தரைக்கு அடியிலிருந்து. அந்த வீட்டுக்குள்ளிருந்து.

ஆனாலும் மூன்றாவது முறை கூப்பிட்டேன். அடிவயிற்றிலிருந்து.

"மெலித்தினே!"

"இதோ... வரேன்..."

தெரு கலைந்து ஓடியது. ஒரு அத்திப்பழக் கூடை கவிழ்ந்தது. வீட்டுக்குள்ளிருந்த அடிமைகள் அலறிக்கொண்டு வெளியே பாய்ந்தார்கள். பின்னாலேயே லூரியஸ். முகம் சுண்ணாம்பு.

"நிறுத்துடி!"

"செத்தவ வரேங்கறா. தடுக்க நீ யாருடா?"

அவனிடம் அப்படி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். நான் திறந்து கிடந்த வாசலைப் பார்த்துச் சொன்னேன்.

"வா கண்ணு. ஏறிக்கோ. எவனும் உன்னைத் தொட மாட்டான்."

காற்று இல்லை...

பாடை கிறீச்சிட்டது.

ஒருமுறை தாழ்ந்தது. மறுபடி தாழ்ந்தது. மறுபடியும்.

முன்னால் நின்றவனின் முழங்கால் மடங்கியது. "அக்கா... கனக்குது..."

"பேசாதே. நட."

நடந்தார்கள். நகர மதிலின் எஸ்குவிலின் வாசலைத் தாண்டுவதற்குள் நான்கு முறை தோள் மாற்றினார்கள். ஒருவனுக்குத் தோளில் ரத்தம் கசிந்தது. நான் மட்டும் திரும்பிப் பார்த்தேன். அங்கி வைத்தது வைத்தபடி கிடந்தது.

அதன் அடியில் மரம் வில்லாக வளைந்திருந்தது.

பகலின் எட்டாம் மணிக்குத் தீ வைத்தோம். வைக்கோல் கண் இமைப்பதற்குள் எரிந்துவிடும். இது எரிந்தது... பொழுது சாயும்வரை.

வைக்கோல் கருகும் வாசனை இல்லை. வந்த வாசனை எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும்.

மதுவை ஊற்றிச் சாம்பலை அணைத்தோம். வீபியஸ் குனிந்து பார்த்தார்.

"ஒக்கியா... நாம வைக்கோலைத்தானே..."

சாம்பலில் எலும்பு.

"பொறுக்குங்க," என்றேன். "வந்தவளை முறையா அனுப்புவோம்."

ஒன்பதாம் நாள். முட்டையும் பருப்பும் உப்பும் எடுத்துக்கொண்டு வீபியஸும் நானும் கல்லறைக்குப் போனோம். நல்ல வெயில். துணியை விரித்தபோது பின்னால் காலடிச் சத்தம். முக்காடு போட்ட ஒரு பெண். முக்காட்டை விலக்கினாள்.

மெலித்தினே.

வீபியஸ் தட்டைக் கீழே போட்டுவிட்டார். நான் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். சூடு இருந்தது. நாடி துடித்தது.

"நான் சாகலைக்கா," என்றாள்.

எதிர்த்துப் பேசினாள் என்று லூரியஸ் அடித்திருக்கிறான். அடித்து, நிலவறையில் போட்டுப் பூட்டிவிட்டு, செத்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான். பசியில் தானே சாவாள் என்று கணக்கு. நாங்கள் பாடை கொண்டுவந்த அன்று வீடே பயந்து தெருவுக்கு ஓடியதே, அந்த நேரத்தில் ஹிலாரஸ் பூட்டைத் திறந்து அவளைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டான். இத்தனை நாள் ஓஸ்தியாத் துறைமுகத்தில் ஒளிந்திருந்தாளாம்.

"அவன் உன்னைத் தேட மாட்டானா?" என்றார் வீபியஸ்.

"எந்த வாயால தேடுவான்? நான் செத்துட்டேன்னு அவனேதானே சொன்னான்! நீங்க வேற எரிச்சே முடிச்சிட்டீங்க."

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் முட்டையை உரித்து வாயில் போட்டுக்கொண்டாள். பசி.

"நல்லவேளை," என்றேன். "அன்னைக்கு நான் கூப்பிட்டதும் நீ குரல் கொடுத்தே."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"நான் எங்கக்கா குரல் கொடுத்தேன்? கையையும் காலையும் கட்டி, வாயில துணிய அடைச்சில்ல போட்டிருந்தான்."

வெயில் சுட்டது. எனக்குக் குளிர்ந்தது.

"அப்ப... தட்டினது?"

அவள் பார்வை நாங்கள் எலும்பைப் புதைத்த இடத்துக்குப் போனது.

"அது மண் தரைக்கா. நான் படுத்துக் கிடந்தேன். ரெண்டு நாளா என் முதுகுக்குக் கீழே இருந்து தட்டிக்கிட்டே இருந்தாங்க. நீ மூணாவது தடவை கூப்பிட்டதும்தான் தட்டறது நின்னுச்சு. அவங்களை அதுக்கு முன்னாடி யாருமே கூப்பிட்டதில்லை போல..."

"எத்தனை பேர்?"

"மூணு குரல் கேட்டுச்சு," என்றாள். "அதுல ஒண்ணு குழந்தை."