ஊரவருக்கு நான் போட்ட புள்ளி

எங்கள் பகுதிச் சபைக்குப் புதிய பிரதம நிறைவேற்று அதிகாரி வந்துவிட்டார். போன வாரப் பேப்பரில் படம் பார்த்திருப்பீர்கள். மாலையோடு நடுவில் நிற்பவர் அவர். பின்வரிசையில், யாரோ செத்த வீட்டுக்கு வந்தவன் மாதிரி நிற்பது நான்.

‘ஏன் உந்த முகம்?’ என்று நாலைந்து வாசகர்கள் போன் எடுத்துக் கேட்டுவிட்டார்கள். சொல்லத்தானே வேண்டும்...

சபை என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடி. புதிதாக வந்த சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது, வீடு தேடிக் கொடுப்பது, முதியவர்களுக்கு வகுப்பு — இதுதான் வேலை. இவ்வளவு காலமும் தொண்டர்களே இழுத்துக்கொண்டு வந்தோம். இனிமேல் சம்பளத்துக்கு ஒருவர் வேண்டும் என்றார்கள். விளம்பரம் போட்டோம். தேர்வுக்குழுவில் ஐந்து பேர். ஐந்தாவது ஆள் நான். எழுதுகிறவன் குழுவில் இருந்தால் மதிப்பாம்!

முதல் கூட்டத்திலேயே தலைவர் ஒரு சட்டம் போட்டார். வருகிறவர்களிடம் ‘நீங்கள் எந்த ஊர்?’ என்று யாரும் கேட்கக்கூடாது. நம்மவர் இரண்டு பேர் சந்தித்தால் மூன்றாவது வசனம் அதுதானே? அதைக் கேட்காமல் ஒரு தமிழனை ஒரு மணித்தியாலம் இருத்தி வைத்துப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் கடைசிச் சுற்றுக்கு வந்த மூவரில் ஒருவரிடம் நான் கேட்கத் தேவையில்லை. அவர் என் ஊர். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன் — சொன்னால் நாளைக்கே ஊர்ச் சங்கத்திலிருந்து கடிதம் வரும். அங்கே பட்டினசபைச் செயலாளராக இருந்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘செயலாளர் அண்ணை’. இங்கே டவுன்ரவுனில் ஒரு கட்டடத்தில் செக்கியூரிற்றி. சொந்தமில்லை, சம்பந்தமில்லை, ஊர்தான் ஒன்று.

எழுந்து சொன்னேன், இவர் என் ஊரவர் என்று. தலைவர் சிரித்தார். நீங்கள் நேர்மையான ஆள், இருங்கள் என்றார். ஊராளுக்கு ஊராள் வேலை கொடுக்கும் ‘ஊர்ப் பாச’த்தை ஆறு மாதத்துக்கு முன் இதே பத்தியில் நான் வெளுத்து வாங்கியிருந்தேன் அல்லவா? அதைப் பக்கத்திலிருந்தவர் வேறு நினைவுபடுத்தினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சனியன் அங்கேதான் பிடித்தது.

செயலாளர் அண்ணை பனிக்குள்ளால் பஸ்ஸில் வந்தார். வாசலில் பூற்ஸைக் கழற்றி, பிளாஸ்ரிக் பையில் கொண்டுவந்த சப்பாத்தை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். இருக்கச் சொல்லும்வரை நின்றார். பாதி ஆங்கிலத்தில், பாதி தமிழில் கேட்டோம். தன்னைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை வரவில்லை. எதைக் கேட்டாலும் ‘நாங்கள் எல்லாரும் சேர்ந்து செய்தது’ என்றார்.

தலைவர் ஒரு கேள்வி கேட்டார். அரசாங்கம் தரும் பணம் திடீரென்று நின்றுபோனால் ஊழியர்களை எப்படி வைத்திருப்பீர்கள்?

அவர் தமிழிலேயே சொன்னார்.

“சண்டைக் காலத்தில ஒருக்கா ஆறு மாதம் சம்பளம் வரேல்லை சேர். ரோட்டுக் கூட்டிற ஆக்களுக்கு அதைச் சொல்ல நானேதான் போனன். ஒவ்வொரு நாளும் விடிய அஞ்சு மணிக்கு அவையோட போய் நிண்டன். ஒருத்தரும் வேலையை விட்டு நிக்கேல்லை. நான் கந்தோருக்குள்ள ஒளிச்சிருந்தா நிண்டிருப்பினம்.”

அந்த ஆறு மாதம் எனக்குத் தெரியும். எங்கள் சந்தி ஒருநாளும் நாறியதில்லை.

ஒவ்வொருவரும் இருபதுக்குப் புள்ளி போட வேண்டும். நான் பென்சிலால் பதினேழு என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தேன். மற்ற இருவருக்கும் நான் அவ்வளவு போடவில்லை. இந்தத் தாளை நாலு பேர் பார்ப்பார்கள். ‘தன்ர ஊராளுக்கு அள்ளிப் போட்டிட்டார், எழுதிறது மட்டும் பெரிய நியாயம்’ — கோயிலில், கலியாண வீட்டில், கடையில் மரக்கறி பொறுக்கும்போது... எல்லா இடத்திலும் காதில் விழுந்தது.

அழித்தேன். பதின்மூன்று என்று எழுதினேன்.

கூட்டிப் பார்த்தார்கள். மிசிசாகாவில் பெரிய அலுவலகம் ஒன்றில் வேலை செய்த ஒரு பெண்ணுக்கு எழுபத்தொன்பது. செயலாளர் அண்ணைக்கு எழுபத்தேழு.

நான் அழிக்காமல் விட்டிருந்தால் எண்பத்தொன்று.

புள்ளியில் யாராவது மாற்றம் செய்ய வேண்டுமா என்று தலைவர் கேட்டார். கேட்டாரே! வாயைத் திறக்க அதைவிட நல்ல தருணம் வேறென்ன? எல்லோரும் இல்லை என்று தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அந்தப் பெண்ணில் ஒரு குறையுமில்லை. கெட்டிக்காரி. வந்த கிழமையே அலுவலகம் அலுவலகமாகிவிட்டது. இனிமேல் நான் போய் உண்மையைச் சொல்லி அவர் கதிரையைப் பறிக்கவா? அதுவும் அநியாயம். ஒரு அநியாயத்தைச் செய்துவிட்டால் அதைத் திருத்துவதற்குக்கூட இன்னொன்று தேவைப்படுகிறது.

மனைவியிடம் சொன்னேன். பாரபட்சம் வந்துவிடக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன் என்று இழுத்தேன். அவர் கோப்பை கழுவுவதை நிறுத்தவில்லை.

“உது நேர்மை இல்லையப்பா. பயம்,” என்றார்.

உண்மைதான். ஊரவனுக்கு அள்ளிப் போடுகிறவன் குறைந்தபட்சம் இன்னொருவனுக்காகச் செய்கிறான். நான் எனக்காகச் செய்தேன். என் பெயர் கெடக்கூடாது என்பதற்காக, ஐம்பத்தாறு வயது மனிதர் ஒருவர் திரும்பவும் ஒரு மேசைக்குப் பின்னால் இருக்கும் கடைசிச் சந்தர்ப்பத்தை அழிறப்பரால் அழித்தேன். நம்மவருக்குள் எத்தனை பேர் இப்படி ‘நியாயமாக’ நடந்து தெரிந்தவர்களைக் கழுத்தறுத்திருக்கிறோம் என்று யாராவது கணக்கெடுத்திருக்கிறார்களா?

பெயராவது மிஞ்சியதா? இரண்டு கிழமை கழித்து ஒரு கலியாண வீட்டில், கையில் பலகாரத் தட்டோடு ஒருவர் வந்தார். உங்கள் ஊராள் கடைசி மூவருக்குள் வந்ததே உங்கள் செல்வாக்கில்தானாமே என்று கேட்டார்.

போன சனிக்கிழமை வீட்டுத் தொலைபேசி அடித்தது. செயலாளர் அண்ணை. பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுசில் நிரந்தர வேலை கிடைத்திருக்கிறதாம், அதுவும் செக்கியூரிற்றிதானாம். வீடு மாறப் போகிறாராம். சொல்லிவிட்டுப் போகலாமென்று எடுத்தாராம். வேலை கிடைக்காததைப் பற்றி அவர் பேசவில்லை. கடைசியில்தான் சொன்னார்.

“தம்பி, உங்கட கை எனக்குக் குறைச்சுப் போட்டிராது. அது எனக்குத் தெரியும். அந்த மேசையில எங்கட முகம் ஒண்டு இருந்ததே எனக்குக் காணும், வேற ஒண்டும் வேண்டாம்.”

நான் ‘ஓம் அண்ணை’ என்றேன். வேறென்ன சொல்ல? சொல்ல இருந்தது.

போனை வைக்குமுன் அவர் இன்னொன்றும் சொன்னார். பிறம்ரனுக்குப் போனாலும் இந்தப் பேப்பரை விடமாட்டாராம். எடுத்தவுடன் முதலில் வாசிப்பது இந்தப் பத்தியைத்தானாம்.

அண்ணை, பதின்மூன்று போட்டது நான்தான்.