சின்னனின் கல்வெட்டில் இரண்டாம் பக்கம்

எங்கள் ஆட்களில் யாராவது செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு ஒரு சிறு புத்தகம் அச்சடித்துக் கொடுப்பது வழக்கம். கல்வெட்டு என்போம். முகப்பில் செத்தவரின் படம், உள்ளே தேவாரம், வம்ச வரிசை, எதுகை மோனையோடு கொஞ்சம் புலம்பல், கடைசியில் மரக்கறி வெட்டியவர்கள் வரைக்கும் நன்றி. ஜெர்மனிக்கு அகதியாக வந்தபோது எத்தனையோ வழக்கங்களை வழியில் விட்டுவிட்டு வந்த நாங்கள் இதை மட்டும் விடவில்லை. எசனிலோ கொலோனிலோ கல்வெட்டு எழுத ஆள் தேவைப்பட்டால் எனக்குத் தொலைபேசி வரும். நான் ஒரு சிறு பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். அப்படிப்பட்டவனைச் செத்த வீட்டுக்கு ஏன் கூப்பிடுகிறார்கள் என்று நானும் யோசித்ததுண்டு. எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுவான் என்ற நம்பிக்கையைத் தவிர வேறு காரணம் அகப்படவில்லை.

உலகக் கிண்ணம் ஜெர்மனியில் நடந்த வருடம், கார்த்திகையில், சின்னன் செத்துப்போனார். நாற்பத்தைந்து வயது. இருதயம்.

சின்னன் என்பது பட்டப்பெயர். யாழ்ப்பாணத்தில் எங்கள் கல்லூரிக்காக வலது ஓரத்தில் ஓடியவர். கல்லூரி என்று பெயரே தவிர அது பள்ளிக்கூடம்தான்; எனக்கு ஒரு வகுப்புக் கீழே படித்தார். மைதானத்து மூலைக் கொடியை விட, தலைமயிரை நன்றாக மேலே வாரி இழுத்திருந்தால், ஒரு விரல்கடை உயரம். ஆனால் ஓடத் தொடங்கினால் கோட்டோரம் கொடி பிடிக்கிற மாஸ்டர் அவரோடு சேர்ந்து ஓட முடியாமல் பாதியில் நின்று, குத்துமதிப்பாகக் கொடி காட்டுவார். பந்து எங்கே இருந்தாலும் வேலியில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் கத்துவார்கள்: “சின்னனிட்டைக் குடு.” நானும் கத்தியிருக்கிறேன். என் இளமையில் நான் நம்பிக்கையோடு சொன்ன வசனங்கள் மிகக் குறைவு. அவற்றில் அது ஒன்று.

கல்வெட்டின் முதல் பக்கத்துக்குத் தேவையான பிறப்பு, பெற்றோர், சகோதரங்கள் எல்லாம் கனடாவிலிருந்த தமையன் சொல்லிவிட்டார். இரண்டாம் பக்கம் பள்ளிக்காலம். அதற்காகத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எசனில் அவருடைய வீட்டுக்குப் போனோம். நாங்கள் மூன்று பேர்: நான், எசனில் பஸ் ஓட்டுகிற ஒரு நண்பர், எங்கள் அணியில் இரண்டாவது கோல்காப்பாளராக இருந்த இன்னொருவர். இரண்டாவது கோல்காப்பாளர் என்றால் மூன்று வருடமும் ஆட்டத்தில் இறங்காமல் ஓரத்து வாங்குப் பலகையில் இருந்தவர் என்று அர்த்தம். ஆனபடியால் ஆட்டத்தை மிகக் கவனமாகப் பார்த்தவர் அவர்தான்.

சின்னனின் மனைவி எங்களுக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு எதிரே இருந்தார்.

“நான் அவரை இஞ்ச வந்துதான் கண்டனான். அவர் விளையாடினதை ஒருநாளும் பாக்கேல்லை. வீட்டில கதைக்கவும் மாட்டார். நீங்கள் எல்லாரும் பாத்தனீங்கள்தானே. சொல்லுங்கோ அண்ணை.”

இதற்காகவே காத்திருந்ததுபோல் பஸ்கார நண்பர் கதிரையின் நுனிக்கு வந்தார். அயல் கல்லூரியோடு நடந்த பெரிய ஆட்டத்தில் சின்னன் போட்ட கோலைச் சொல்லத் தொடங்கினார். ஜெர்மனியில் நான் சந்தித்த எங்கள் கல்லூரிக்காரர் எல்லோரும் அந்த ஆட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். அத்தனை பேரும் உண்மையிலேயே போயிருந்தால் வேலி விழுந்திருக்கும்.

“பந்தோட மூண்டு பேரை வெட்டிக்கொண்டு போனவன், தங்கச்சி.”

“நாலு பேர்,” என்றார் கோல்காப்பாளர்.

“டேய், நீ வாங்கில இருந்து என்னத்தைக் கண்டனீ?”

“வாங்கில இருந்தபடியாத்தான் கண்டனான். நீ வேலியில நிண்டு கச்சான் கொறிச்சுக்கொண்டிருந்தனீ.”

தேநீர்க் கோப்பை ஒரு பின்காப்பாளன் ஆனது. பிஸ்கட் பேணி பனை உயரமான இன்னொருவன். ரிமோட் மூன்றாவது. சீனிக்கட்டி ஒன்றைப் பந்தாக்கிக் கோல்காப்பாளர் மேசையில் உருட்டிக்கொண்டு போனார். அந்த மனைவி குனிந்து, ஒன்றையும் விடாமல், சீனிக்கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொப்பியில் “மூன்று அல்லது நான்கு பேர்” என்று எழுதினேன்.

“அவருக்கு அப்ப கூட்டாளிமார் ஆர்?” என்று சின்னனின் மனைவி கேட்டார்.

சீனிக்கட்டி நின்றது.

“எல்லாரும்தான்,” என்றார் பஸ்கார நண்பர்.

“பள்ளிக்கூடம் விட்டா ஆரோட வீட்டை போவார்?”

ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு அவருடைய வீடு எந்த ஒழுங்கையில் இருந்தது என்பதே தெரியாது. ஓரத்தில் பந்தோடு ஓடுவார். ஊதல் ஊதினால் நாங்கள் வேலியால் குதித்து வீட்டுக்குப் போவோம். அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கொப்பியில் ஒரு வரி விட்டேன்.

சின்னனின் மனைவி கோப்பைகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, நான் பயந்துகொண்டிருந்த கேள்விக்கு வந்தார்.

“நாலு வருசத்துக்கு முந்தி உங்கட விளையாட்டுப் போட்டிக்குக் கூப்பிட்டனீங்கள். அதுக்குப் பிறகு அவர் ஒரு இடமும் வரேல்லை. கலியாண வீடு, கோயில் திருவிழா, ஒண்டுக்கும் வரேல்லை. நான் பிள்ளையளோட தனியத்தான் போறனான். ஆரும் போன் எடுத்தாலும் இல்லை எண்டு சொல்லு எண்டுவார். அண்டைக்கு என்ன நடந்தது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

பஸ்கார நண்பர் ரிமோட்டை எடுத்து அதன் இடத்தில் வைத்தார்.

“எனக்கு ஒரு யோசனை இருக்கு,” என்றார் அவரே. “அண்டைக்குக் காரில வரேக்க நான் சொன்னனான். இந்த வயசில ஓடி, சனத்துக்கு முன்னால மானங்கெடப் போறியள் எண்டு. அவர் ஒண்டும் பேசேல்லை. என்ர வாய்தான் அவருக்குப் பட்டது எண்டு இந்த நாலு வருசமும் நினைச்சுக்கொண்டிருக்கிறன். கேக்கவும் பயம். இனி அவரைக் கேக்க ஏலாது.”

அன்றைக்கு நடந்தது எனக்கு நன்றாகத் தெரியும். பழைய மாணவர் ஆட்டத்துக்குச் சின்னன் வரவேண்டும் என்று மூன்று தரம் தொலைபேசி எடுத்தவன் நான். “ஏலாது அண்ணை, இப்ப படி ஏறவே மூச்சு வாங்குது” என்று அவர் மூன்று தரமும் சொன்னார். பெரிய ஆட்டக்காரர்கள் அடக்கமாக அப்படித்தான் சொல்வார்கள் என்று நான் எங்கோ வாசித்திருந்தேன். அதிகம் வாசிப்பதால் வருகிற கேடுகளில் இது ஒன்று. கடைசியில் பத்து நிமிடம் மட்டும் என்று கெஞ்சி வரப்பண்ணினேன். வந்தார். முகமும் வயிறும் ஊதியிருந்தன. சனம் எழும்பி நின்று “சின்னனிட்டைக் குடு” என்று கத்தியது. கொடுத்தார்கள். அவர் நான்கடி ஓடி நின்றுவிட்டார். திரும்பவும் கொடுத்தார்கள். திரும்பவும் நின்றார்.

எங்கள் விளையாட்டுப் போட்டிகளில் நாள் முழுக்க ஒருவர் ஒலிவாங்கியோடு நின்று பகிடி விட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேலை வருடா வருடம் என்னுடையது.

“தங்கச்சி, நீங்கள் சொன்ன கதையால இல்லை,” என்றேன்.

பஸ்கார நண்பர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். சப்பாத்துகளை வாசலில் கழற்றியிருந்ததால் நோகவில்லை.

“மைக்கில நிண்டது நான்.”

“ஓம், தெரியும். எப்பவும் நீங்கள்தானே.”

“நான் அவரைப் பகிடி பண்ணினனான். அதோடதான் அவர் மைதானத்தை விட்டுப் போனவர்.”

“என்ன சொன்னனீங்கள்?”

இருபது வருடமாகப் பகிடி எழுதுகிறேன். திருப்பிச் சொல்லு என்று யாராவது கேட்டால் மகிழ்கிற சாதி நான். சொன்னேன்.

“முந்தி இவர் பந்துக்கு முன்னால ஓடுவார். இப்ப வயிறு முன்னால ஓடுது, இவர் பின்னால வாறார் எண்டு சொன்னனான்.”

“வேறை?”

“சின்னன், ஆறுதலா வாரும், கோல் போஸ்ட் ஒரு இடமும் ஓடாது எண்டு.”

ஒலிவாங்கியும் சனமும் இல்லாமல், ஒரு சின்ன வரவேற்பறையில், சின்னனின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிய, அந்த இரண்டு வசனங்களும் முடிய நெடுநேரம் எடுத்தன.

“சனம் சிரிச்சதோ?”

“ஓம்.”

அவர் மற்ற இருவரையும் பார்த்தார். “நாங்களும் சிரிச்சம், தங்கச்சி,” என்றார் கோல்காப்பாளர். அவர் கையில் இன்னும் அந்தச் சீனிக்கட்டி இருந்தது.

சின்னனின் மனைவி அழுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை.

“நான் அப்ப அங்கால ரோல்ஸ் பொரிச்சுக்கொண்டு நிண்டனான். ஸ்பீக்கர் மற்றப் பக்கம் பாத்தபடி இருந்தது, என்ன சொன்னது எண்டு விளங்கேல்லை. சனம் சிரிச்சுக் கைதட்டினது மட்டும் கேட்டது. அவர் ஏதோ நல்லா விளையாடுறார் எண்டு நினைச்சன். பக்கத்தில நிண்ட அக்காவுக்கும் சொன்னனான், உது என்ர மனுசனுக்குத்தான் எண்டு.”

பிறகு யாரையோ திருத்துகிறவர் போல அமைதியாகச் சொன்னார்:

“அது வயிறில்லை அண்ணை. இருதயம் சரியா வேலை செய்யாமல் உடம்பில தண்ணி நிண்டது. அப்ப எங்களுக்கும் தெரியாது. அடுத்த கிழமைதான் டொக்டரைப் பாக்க டெர்மின் தந்திருந்தவை.”

பிறகு அவர் எழுந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்டது. கோப்பை கழுவுகிற சத்தம் கேட்கவில்லை. நாங்கள் வாசலில் குனிந்து சப்பாத்து மாட்டினோம். விடைபெறும்போது “எழுதினதை அனுப்பிவிடுங்கோ” என்று மட்டும் சொன்னார்.

கார் நெடுஞ்சாலை ஏறியதும் பஸ்கார நண்பர் தொடங்கினார்.

“உனக்கு ஏன் இந்தத் தேவையில்லாத வேலை? கல்வெட்டு எழுதப் போனவன் எழுதிப்போட்டு வாறதுதானே. பாவம், அந்த மனுசி.”

“அவ தன்னிலதான் பிழை எண்டு இருந்தவ.”

“இப்ப நிம்மதியா இருப்பாவோ?”

பின்னால் இருந்த கோல்காப்பாளர், “நாலு பேர்தான், மச்சான்,” என்றார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

இரண்டு நாள் இருந்து எழுதினேன். பகிடி ஒன்றும் இல்லாமல் எழுத முயன்றபோதுதான் என்னிடம் வேறு சரக்கு எவ்வளவு குறைவு என்று தெரிந்தது. கோலை எழுதினேன். ஓட்டத்தை எழுதினேன். பக்கத்தின் அடியில் இடம் மிஞ்சியது. அதில், எல்லாக் கல்வெட்டிலும் எழுதுவதுபோல, “கல்லூரியில் எல்லோரும் அவர்மேல் உயிராய் இருந்தார்கள்” என்று எழுதித் தபாலில் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் தொலைபேசி எடுத்தார்.

“வடிவா எழுதியிருக்கிறியள் அண்ணை. பிள்ளையளுக்கும் வாசிச்சுக் காட்டினன். ஒரு இடம் மட்டும் மாத்த வேணும்.”

“சொல்லுங்கோ.”

“கடைசி வரி. உயிராய் இருந்தார்கள் எண்டு இருக்கு. அதை வெட்டிவிடுங்கோ.”

“அப்ப என்னெண்டு போட?”

மறுமுனையில் தொலைக்காட்சியில் யாரோ ஜெர்மன் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“எல்லாரும் அவர் விளையாடினதைப் பாத்தவை எண்டு போடுங்கோ. அவ்வளவு காணும்.”

பேனாவால் வெட்டி, மேலே எழுதினேன். அச்சிலும் அப்படித்தான் வந்தது. அந்தியேட்டியன்று மண்டபத்தில் பழைய கல்லூரிக்காரர் நிறையப் பேர் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு பிரதியை வாங்கி, இரண்டாம் பக்கத்தைத் திறந்து, வெட்டியது மூன்று பேரையா நான்கு பேரையா என்று பார்த்தார்கள்.