நான் உட்காராத நாற்காலி

ஜெபவேளையில் நீங்கள் எல்லாரும் முழங்கால்படியிடும்போது நான் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. இன்றைக்கு நானே சொல்லிவிடுகிறேன்.

யுத்தகாலத்தில் இறம்பொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பட்டாளத்துக்குப் போனவன் நான். பர்மாவில் ரோடு போடும்போது பாறை உருண்டு வலது முழங்காலை நசுக்கியது. திரும்பி வந்து சில வருஷம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினேன். பிறகு மலை ஏறவே முடியவில்லை. என் மனைவி அன்னம்மாள் ஒருத்திதான் வேலைக்குப் போனாள். அவளுக்கோ நெஞ்சு வியாதி. வீட்டில் ஒருவராவது வேலைக்குப் பேர் பதியாவிட்டால், தோட்டம் கொடுத்த ஒற்றை அறையை, அந்த லயத்துக் காம்பராவைக் காலி செய்யச் சொல்வார்கள். காய்ச்சலோடு கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு போவாள். படுத்துக்கிடந்து அதைப் பார்த்தேன். வெட்கத்தில் செத்துப்போகலாம் போலிருந்தது.

பட்டாளத்தில் அடிபட்டவர்களுக்குப் பென்ஷன் உண்டென்று கேட்டு எழுதிப்போட்டேன். கிடைத்தால் டவுனில் ஓர் அறை எடுத்து அவளைப் படுக்கவைக்கலாம். நுவரெலியாவுக்குப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளைக்கார டாக்டர் தொரையைப் பார்த்ததும் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கி விறைப்பாக நின்றேன். நாற்காலியைக் காட்டினார். உட்காரவில்லை. தொரை முன்னால் நாங்கள் எப்போது உட்கார்ந்தோம்? வலியில் உயிர் போனது. வலிக்கிறது என்று சொல்ல வாய் வராமல் பல்லைக் கடித்துக்கொண்டேன். "நன்றாகத்தானே நிற்கிறாய்" என்று தமிழ் தெரிந்த கிளார்க்கைச் சொல்லவைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

'ஆண்டவரே, என் வாயைத் திறந்தருளும்' என்று மாதக்கணக்கில் அழுதேன்.

திரும்பவும் எழுதிப்போட்டதில் மறுபடி கூப்பிட்டார்கள். அதே டாக்டர். பழகிய உடம்பு, மறுபடி விறைத்து நின்றது. அப்போது கதவோரம் நின்ற அன்னம்மாள், தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா முன்னால்கூட வாய் திறக்காதவள், உள்ளே வந்தாள்.

"ஐயா, இவரு ஒங்க முன்னாடி ஒக்கார மாட்டாருங்க. தொரைமாரு முன்னாடி நாங்க ஒக்காந்ததே இல்லீங்க. வூட்ல நான்தான் தூக்கி நிறுத்துறேன். கால மடக்கச் சொல்லிப் பாருங்க."

கிளார்க் அதை மொழிபெயர்த்தார். டாக்டர் எழுந்து வந்து, என் தோளைப் பிடித்து உட்காரவைத்து, முழங்காலை மடக்கினார். அலறிவிட்டேன்.

பென்ஷன் வந்தது. நான் என் வாயைத் திறக்கக் கேட்டேன். கர்த்தர் அவள் வாயைத் திறந்தார்.

டவுன் அறையில் அவள் இருந்தது ஒரே ஒரு மழைக்காலம். "விடியுமுன்ன வேலைக்குக் கூப்பிடுற பெரட்டுத் தப்பு சத்தம் கேக்கலீங்க, நல்லாத் தூங்குனேன்" என்று ஒருநாள் சிரித்தாள். அந்த வாரமே போய்விட்டாள். கொஞ்சம் முந்தித் தந்திருக்கக்கூடாதா என்று ஆண்டவரோடு சண்டை போட்டேன். இன்றைக்கும் போடுகிறேன். ஆனாலும் அவரை விட்டு எங்கே போவேன்?

வலியை மறைத்துக்கொண்டு நிற்பவர்கள் இங்கே இருந்தால் ஒன்று சொல்கிறேன். கர்த்தர் தொரை இல்லை. அவர் முன்னால் உட்காருங்கள். எங்கே வலிக்கிறது என்று சொல்லுங்கள். வாய் வராவிட்டால் பக்கத்தில் இருப்பவர் உங்களுக்காகச் சொல்லட்டும்.

எனக்குச் சொல்ல ஒருத்தி இருந்தாள். அவளைத் தந்தவருக்கு ஸ்தோத்திரம்.