மூன்றாம் வரிசைக் கை

படத்தில் எல்லாக் கைகளும் மேலே இருந்தன. பழுகாமத்து வயல்காரர் கூட்டம். யாரோ முகநூலில் போட்டிருந்தார்கள். கனடாவில் இருந்துகொண்டு அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாம் வரிசையில், கோடு போட்ட சட்டையோடு என் மாமா வினாயகமூர்த்தி. அவருடைய கையும் உயர்ந்திருந்தது. தன் பதவியைப் பறிக்கும் வாக்கை அவரே போட்டிருந்தார்.

மாமா பதினொரு வருடம் வட்டைவிதானை. ஒரு வட்டையில், அதாவது ஒரு நெல்வயல்வெளி முழுவதிலும், எந்த வயலுக்கு எந்த நாள் தண்ணீர் திறப்பது என்று முறை பார்ப்பவர். வயல்காரர் கூடிக் கையுயர்த்தித் தெரிவு செய்யும் பதவி அது. சம்பளம் பெயருக்குத்தான். ஆனால் அவர் வரம்பில் நடந்து வந்தால் மண்வெட்டிகள் ஒரு கணம் நிற்கும்.

பிறகு பக்கத்து வயல் சிவதர்ஷன் கட்டாரிலிருந்து திரும்பி வந்தான். அவனுடைய மோட்டார் சைக்கிளைச் சுற்றி ஆட்கள் நின்றால் மாமா எண்ணி வைத்து எனக்குத் தொலைபேசியில் சொல்வார்.

"இண்டைக்கு எட்டுப் பேர், மனே. அதில ஒருத்தன், என்ர வீட்ட வந்தா பச்சத்தண்ணியும் வேணாம் எண்டவன், அங்க ரெண்டு தரம் பிளேன்ரீ குடிக்கிறான்."

சிவதர்ஷன் சிரிப்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை. "பல்லு முழுக்கக் காட்டுறான்."

அந்தப் பதவிக்குச் சிவதர்ஷனும் கேட்கப் போகிறான் என்று தெரிந்த அன்று, மாமி சீதேவிப்பிள்ளை சொன்னாராம்: "உங்கட வயிறு எரியிற மணம் அடுப்படி மட்டுக்கும் வருது."

"எனக்கென்ன கா எரிச்சல்? வேலை தெரியாதவன் எண்டுதான் சொல்றன்."

கூட்டத்தில் முதலில் முன்மொழியப்பட்டது சிவதர்ஷனின் பெயர். விருப்பமானவர்களைக் கையைத் தூக்கச் சொன்னார், கூட்டத்தை நடத்திய அரசாங்க உத்தியோகத்தர். முன்வரிசை அவனுடைய கூட்டாளிகள், சட்டென்று தூக்கினார்கள். இரண்டாம் வரிசை முன்வரிசையைப் பார்த்துத் தூக்கியது. மூன்றாம் வரிசை திரும்பி மாமாவைப் பார்த்தது. தூக்காவிட்டால் எரிச்சல்காரன் என்று பிடித்துவிடுவார்களே என்று அவருக்குப் பயம். தூக்கினார். அதற்குப் பிறகுதான் அவருடைய வரிசையும் பின்வரிசைகளும் கை தூக்கின. இரண்டாம் பெயரைக் கேட்க வேண்டியே வரவில்லை. ஏகமனது.

மறுநாள் இளையதம்பி தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். மாமாவின் வயலுக்குக் கீழ் வயல் அவருடையது.

"அண்ணன், நான் உங்களுக்குத்தான் தூக்க இருந்தன். நீங்களே அவனுக்குத் தூக்கினா நான் என்ன செய்ய? உங்களுக்கு வேணாமாக்கும் எண்டு நினைச்சன்."

பொழுது சாய்வதற்குள் இன்னும் நாலு பேர் வந்து அதையே சொன்னார்கள். தான் ஒருவன்தான் மாமாவின் பக்கம் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள்.

"நீங்க ஊரப் பார்த்தீங்க, ஊர் உங்கட கையப் பார்த்திச்சு. நல்ல விளையாட்டு!" என்று மாமி சிரித்தாராம்.

என்னால் சிரிக்க முடியவில்லை. போன வாரம் இங்கே அலுவலகத்தில், எனக்குத் துளியும் பிடிக்காத ஒன்றுக்கு நானும் ஆங்கிலத்தில் சம்மதம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

குளத்து நீரை நம்பி விதைக்கும் சிறுபோகத்துக்கான கூட்டம் வந்தது. முழு வட்டையையும் விதைப்போம் என்றான் சிவதர்ஷன். முன்வரிசை தூக்கியது, இரண்டாம் வரிசையும் தூக்கியது. காலையில்தான் மாமா குளக்கட்டுக்குப் போய்ப் பார்த்திருந்தார். தண்ணீர் அரைவாசிக் காணிக்குத்தான் போதும். மூன்றாம் வரிசை மறுபடி அவர் பக்கம் திரும்பியது. அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமர்ந்திருந்தார். பாதி எழும்பிய இளையதம்பியின் கை, தலையைச் சொறிந்துவிட்டுக் கீழே இறங்கியது. பின்னால் ஒரு கையும் எழவில்லை. முழு வட்டைக்கும் கைகள் போதாததால், அரைவாசி விதைப்பது என்று முடிவானது.

கூட்டம் கலைந்ததும் மாமா அழைத்தார்.

"எரிச்சலில தூக்கல்ல எண்டு சொல்லமாட்டாங்களா, மாமா?"

"சொன்னாங்கதான். எரிச்சல்தான், மனே. அவன்ர முகம் விழுந்ததைக் கண்டு நெஞ்சுக்குள்ள குளுகுளு எண்டு இருந்திச்சு. ஆனா தண்ணி அரைவாசிக்குத்தான் காணும். அதுவும் மெய்."

"மறுகா?" என்று, பிறகு நடந்ததைக் கேட்டேன்.

"மறுகா என்ன? கூட்டம் முடிஞ்சு அவன்ர மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில எத்தின பேர் நிண்டாங்க தெரியுமா? மூண்டு பேர்."