வடக்க உள்ளது

விருதுநகர் பக்கம் விமானப் பராமரிப்பு சொல்லிக்கொடுக்கிறேன். ஒரே பாடத்தை வருடக்கணக்காகச் சொல்லி என் குரல் எனக்கே அலுத்துவிட்டது.

அன்று மாணவர்கள் பழைய பயிற்சி விமானத்தின் ஏலரான்களுக்குக் கேபிள் மாட்டியிருந்தார்கள். ஏலரான் என்பது இறக்கையின் ஓரத்தில் ஏறி இறங்கும் தகடு. விமானி ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தால் இடது ஏலரான் மேலே எழ வேண்டும்.

நான் உள்ளே உட்கார்ந்து ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தேன். திரும்பிப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். கழுத்தைத் திருப்பக்கூட அலுப்பு. வெளியே மூக்குக்கு எதிரே நின்ற எம். புதுப்பட்டியிலிருந்து வரும் மாணவி முத்துமாரியிடம், எது ஏறுகிறது என்று கேட்டேன்.

"வடக்க உள்ளது ஏறுது சார்."

"விமானத்துக்கு ஏதும்மா வடக்கு தெக்கு? இடதா, வலதா?"

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "இடது சார்."

சரி, கேபிள்களை மறைக்கும் மூடியை மாட்டிவிடலாம் என்று இறங்கினேன். அவள் தோழியிடம் முணுமுணுத்தது காதில் விழுந்தது. "எங்கன நின்னாலும் வடக்கு வடக்குதான?"

நான் அப்படியே நின்றுவிட்டேன். விமானத்தின் மூக்கு மேற்கே பார்த்திருந்தது. அப்படியென்றால் வடக்கே இருப்பது வலது இறக்கை. எதிரே நின்றவள் சொன்னது அவளுடைய இடதை. கேபிள்கள் இடம் மாறியிருந்தன. இப்படியே பறந்தால், இடப்பக்கம் திருப்பும் விமானி வலப்பக்கம் சாய்ந்து விழுவான்.

எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். முத்துமாரியின் முகம் வாடிவிட்டது.

"நான் தப்பாச் சொல்லிட்டேனா சார்?"

"இல்லம்மா. முதல்ல சரியாத்தான் சொன்ன. நான்தான் திருத்திட்டேன்."