கைப்பைக்குள் பாஸ்போர்ட்

அமெரிக்காவில் உள்ள டப்ளினில் இருந்து, அங்கே குடியேறிய ஜப்பானியரின் பழைய இடங்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றிக்காட்டக் கிளம்பிய சனிக்கிழமை, என் வேனில் முன்சீட்டில் வந்தவர் அவர். ஒரு மாணவியின் அம்மா. மற்ற பிள்ளைகளுக்கு ஆன்ட்டி. நான் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. சுடிதார்மேல் தடித்த ஸ்வெட்டர், தலையில் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி, தோளில் குறுக்காக மாட்டிய கைப்பை. இறங்கும் இடமெல்லாம் அந்தப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"உள்ள பாஸ்போர்ட் இருக்கு. சிட்டிசன் ஆயிட்டேன்தான். ஆனா வெளிநாட்டு ஆளுன்னு பிடிச்சுக்கிட்டுப் போற இப்ப இருக்குற நெலமையில எவனாவது நிறுத்திக் கேட்டா காட்டணும்ல?"

கோயில், தேநீர்த் தோட்டம் எல்லாம் பார்த்துவிட்டு ஒரு நினைவிடத்துக்குப் போனோம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கே வாழ்ந்த ஜப்பானியக் குடும்பங்களை அரசாங்கமே குதிரை லாயத்தில் அடைத்துவைத்த இடம். பிள்ளைகள் கல்வெட்டை வாசித்தார்கள்.

"பேப்பர்ஸ் இல்லாதவங்களா?" என்று கேட்டார் அவர்.

"நோ ம்மா. மோஸ்ட் ஆஃப் தெம் வேர் சிட்டிசன்ஸ். பார்ன் ஹியர்," என்றாள் அவர் மகள்.

அவர் என்னிடம் சாவியை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வேனுக்கு நடந்தார். பின்னாலேயே போனேன். பாஸ்போர்ட்டை டேஷ்போர்டுப் பெட்டிக்குள் எறிந்து படாரென்று மூடினார்.

"வழியில யாராவது கேட்டா?" என்றேன்.

"சிட்டிசனையே லாயத்துல அடைச்சிருக்கான். அப்புறம் நான் எதுக்கு இதைக் கட்டிக்கிட்டு அழணும்? கேக்கட்டும். நீ யாருடா கேக்கறதுக்குன்னு நானும் கேக்கறேன்."

கையை வீசிக்கொண்டு பிள்ளைகளிடம் திரும்பினார். அதன்பிறகு ஒருமுறைகூடப் பையைத் தடவவில்லை.

என் கை தானாகக் கோட்டின் உள்பையைத் தொட்டது. என் பாஸ்போர்ட் அங்கேதான் இருந்தது. இன்றும் இருக்கிறது.